ஐந்தாங்கல்லும் காட்சிப்பொறியும்

சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருந்தபோது அவனை நோக்கி ஆலத்தூர் கிழார் பாடிய பாடல், புறநானூற்றில் 36ஆம் பாட்டாக அமைந்துள்ளது. காவல் மரங்கள் கோடரியால் வெட்டுண்டு விழும் ஓசை பகைவன் அரண்மனைக்குள் கேட்கிறது; அவனோ வெளியே வரவில்லை. போர்ச் செய்தி கூறும் அப்பாட்டின் நடுவே, ஆன்பொருநை ஆற்றின் வெண்மணலில் பொன்னாற் செய்த கழங்குகளைக் கொண்டு ஆடும் இளமகளிரையும் புலவர் காட்டிச் செல்கிறார். பெரும்பாணாற்றுப்படையிலும் மணலில் பொற்கழங்கு ஆடும் மகளிர் வருகின்றனர். ஆட்டத்தின் விதிகளை இப்பாடல்கள் கூறவில்லை. கேட்போர் அனைவரும் அறிந்த ஒன்றைப் புலவர் விளக்க வேண்டியதில்லை அல்லவா!

அக்கழங்காட்டத்தின் வழிவந்ததே தமிழகச் சிற்றூர்களில் ஐந்தாங்கல், சொட்டாங்கல், கழச்சி எனப் பல பெயர்களில் வழங்கும் ஆட்டம் என்பர். கழற்சிக்காய் என்னும் காயின் பெயரிலேயே ஆட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் இவ்வாட்டம் எந்த ஓர் இனத்துக்கும் தனியுரிமையாக நிற்கவில்லை. மலாய் மக்கள் இதனைச் செரம்பாட் என்றும் பத்து செரம்பான் என்றும் அழைத்தனர். சீனச் சிறுமியரும் ஆடினர். சிராங்கூன் சாலையின் கிளைத்தெருக்களில் வளர்ந்த தமிழ்ச் சிறுமியரும் ஆடினர். கூழாங்கற்களுக்கு மாற்றாக, துண்டுத் துணிகளை முக்கோணப் பொட்டலமாகத் தைத்து, உள்ளே அரிசியோ பச்சைப்பயறோ மணலோ நிரப்பிய ஐந்து சிறு பைகள் இங்கே வழக்கில் வந்தன. தரையில் விழும்போது உருண்டோடாமல் விழுந்த இடத்திலேயே கிடக்கும் என்பது இப்பைகளின் நன்மை. பயறு நிரப்பிய பைகளில் சில மாதங்களில் வண்டு விழும் என்பது அவற்றின் தீமை.

ஆட்டத்தின் அமைப்பு நோக்கத்தக்கது. முதற்படியில் ஐந்தையும் தரையில் வீசி, ஒன்றை எடுத்து மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையிலுள்ள ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, வருவதைப் பிடிக்க வேண்டும். இவ்வாறு நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து முடித்தால் இரண்டாம் படி. அதில் இரண்டிரண்டாக எடுக்க வேண்டும். மூன்றாம் படியில் மூன்றும் ஒன்றுமாக. நான்காம் படியில் நான்கையும் ஒரே அள்ளலில். அதற்கு மேலுள்ள படிகள் இடத்துக்கு இடம் வேறுபடும். கையிலிருப்பனவற்றை இறக்கி வைத்தல், விரலால் தரையைத் தொட்டு மீளல், ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒருசேர எறிந்து பிடித்தல், புறங்கையில் ஏந்துதல் என ஆட்டம் ஏறிச் செல்லும். எடுக்க வேண்டியதை விட்டு வேறொன்றில் விரல் பட்டாலும் ஆட்டம் போயிற்று.

இக்காலத்துக் கணிப்பொறி விளையாட்டு வல்லுநர்கள் 'கடுமை ஏற்றம்' என்று நூல்கள் எழுதி விளக்கும் செய்தி அனைத்தும் இவ்வைந்து பைகளுக்குள் அடங்கியிருக்கிறது. எளிதில் கற்றுக்கொள்ளத்தக்க ஒரே செயல். அச்செயலின் மேல் படிக்கொரு சுமை. முன்படியில் பெற்ற திறன் பின்படிக்கு முதலாகுதல். அன்றியும், இதில் வேறொரு நுட்பமும் உண்டு. முதற்படிக்குப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரந்து கிடத்தல் வேண்டும். நான்காம் படிக்கு அவை ஒருங்கே குவிந்து கிடத்தல் வேண்டும். ஆகவே எப்படி வீசுவது என்பதே பாதி ஆட்டம். வரப்போகும் படியின் கடுமையைத் தன் கைவீச்சினால் ஆடுபவளே ஒருவாறு அமைத்துக்கொள்கிறாள்.

இவ்வாட்டத்தில் நேரத்தை அளப்பது யார் என்று வினவினால், அதற்கும் ஆடுபவளின் கையே விடை. எறிந்த பை திரும்பி வரும் காலமே அவளுக்குக் கிடைத்த காலம். 30 சென்டிமீட்டர் உயரம் எறிந்தால் ஏறத்தாழ அரை வினாடி கிடைக்கும். இருமடங்கு நேரம் வேண்டுமாயின் நான்கு மடங்கு உயரம், அதாவது 120 சென்டிமீட்டர் எறிய வேண்டும் என்பது புவியீர்ப்பின் விதி. அவ்வளவு உயரம் சென்ற பை நேராக வந்து உள்ளங்கையில் விழும் என்பதற்கு உறுதியில்லை. நேரத்தை நீட்டினால் பிடிப்பது கடினம். குறைத்தால் பொறுக்குவது கடினம். இவ்விரண்டுக்கும் இடையில் தன் அளவைத் தானே கண்டுகொள்வதுதான் தேர்ச்சி. தவறியவளின் முறை அடுத்தவளுக்குச் செல்லும். மீண்டும் தன் முறை வரும்போது, தான் விழுந்த படியிலிருந்து அவள் தொடங்குவாள். ஏறிவந்த படிகள் அவளுடையவை. அவற்றை எவரும் பறிப்பதில்லை. ஒருவர் தோற்பதனால் பொருள் ஈட்டுவோர் எவரும் அவ்விடத்தில் இல்லை.

காசு போட்டு ஆடும் காட்சிப்பொறி வந்தபோது இவ்விரண்டு விதிகளும் மாறின.

1972இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' என்னும் பந்தாட்டப் பொறி இத்தொழிலுக்குக் கால்கோள் செய்தது எனலாம். ஆயினும் கடுமை ஏற்றம் என்பதை உலகமே உணரச் செய்தது 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தார் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. அதனை உருவாக்கியவர் தொமோஹிரோ நிஷிகாடோ. திரையின் மேற்புறத்தில் வரிசைக்கு 11 ஆக ஐந்து வரிசைகளில் 55 வேற்றுலகப் பகைவர் பக்கவாட்டில் நகர்ந்து, படிப்படியாகக் கீழிறங்குவர். ஆடுபவர் கீழிருந்து சுட்டு வீழ்த்த வேண்டும். பகைவர் குறையக் குறைய எஞ்சியோரின் விரைவு கூடும். கடைசியாக நிற்கும் ஒருவன் மின்னலென ஓடுவான். இவ்விரைவு முதலில் திட்டமிட்டு வைக்கப்பட்டதன்று என்பது இத்துறை வரலாற்றில் சுவையான செய்தி. அப்பொறியின் செயலி ஒரு திரைக்காட்சிக்கு ஓர் உருவத்தை மட்டுமே நகர்த்த வல்லது. வினாடிக்கு 60 காட்சிகள். 55 பேரும் ஒருமுறை நகர்ந்து முடிய ஏறத்தாழ ஒரு வினாடி ஆயிற்று. ஒருவன் மட்டும் எஞ்சியபோது ஒவ்வொரு காட்சியிலும் அவனே நகர்ந்தான். பொறியின் இயலாமையே ஆட்டத்தின் உயிராக அமைவதைக் கண்ட நிஷிகாடோ அதனைத் திருத்தாமல் விட்டுவிட்டார். நல்ல கலைஞருக்கு உரிய முடிவு அது.

ஆடுபவரின் வெற்றியே அவருக்கு இடையூறாக வளரும் இந்த அமைப்பு அதன்பின் பல ஆட்டங்களில் தொடர்ந்தது. 1997இல் நோக்கியா 6110 கைப்பேசியில் வந்த பாம்பு விளையாட்டும் அவ்வகையினதே. இரை தின்னத் தின்ன வால் நீளும். நீண்ட வாலே எமனாகும். கூடை நிரம்ப நிரம்பச் சுமை கூடுவதைப் போன்ற இயல்பான ஏற்றம் அது.

'பேக்-மேன்' (1980) வேறு வழியில் சென்றது. அதில் பேய்களை விழுங்குவதற்குக் கிடைக்கும் நீலநிறக் காலம் முதல் நிலையில் 6 வினாடி. நிலைதோறும் அது குறைந்து ஐந்தாம் நிலையில் 2 வினாடியாகும். ஆறாம் நிலையிலோ மீண்டும் 5 வினாடி! நெடுந்தூரம் ஏறி வந்தவருக்கு ஒரு திண்ணை அமைத்துக் கொடுத்தாற்போன்ற இச்சிறு ஆறுதலை வடிவமைப்பாளர் தோரு இவாடானியின் குழுவினர் வேண்டுமென்றே வைத்தனர் எனக் கருத இடமுண்டு. 19ஆம் நிலை முதல் அந்த நீலக்காலமும் அறவே இல்லை. 256ஆம் நிலையில் எண்ணிக்கை பொறியின் கொள்ளளவை மீறிவிடுவதால் திரையின் பாதி எழுத்துக் குப்பையாகி ஆட்டம் நின்றுவிடும். அங்குவரை சென்றோர் மிகச் சிலர்.

இவ்வேற்றங்களுக்கெல்லாம் அடியில் நின்றது நாணயம். ஒருவர் ஒரு காசில் நெடுநேரம் ஆடினால் கடைக்காரருக்கு வருமானம் இல்லை. உடனே தோற்றுவிட்டால் அவர் மறுமுறை வரமாட்டார். ஆகவே தொடக்கத்தில் நம்பிக்கை ஊட்டி, சில நிமிடங்களில் வெளியேற்றும் வகையில் ஆட்டம் வகுக்கப்பட்டது. பல பொறிகளின் உட்புறத்தில் சிறு விசைகள் இருந்தன. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை உயிர், எத்தனைப் புள்ளிக்கு ஒரு மேலுயிர், கடுமை மிகுதியா குறைவா என்பவற்றைக் கடைக்காரரே அவற்றால் மாற்றி வைக்கலாம். ஆடும் சிறுவனுக்கு அவ்விசைகள் தெரியா. தோற்றால் முதற்படிக்கே திரும்ப வேண்டும். அல்லது மற்றொரு காசு போட வேண்டும். கழங்காடிய சிறுமியின் கையிலிருந்த கடிகாரம் பொறிக்குள்ளும், அவள் ஏறி வைத்த படிகள் கடைக்காரரின் பெட்டிக்குள்ளும் போய்ச் சேர்ந்த வரலாறு இது.

இப்பொறிகள் சிங்கப்பூரின் கடைத்தொகுதிகளிலும் இடம்பிடித்தன. பள்ளிச் சிறுவர் வகுப்புக்குச் செல்லாமல் அங்கே நிற்கின்றனர், கைச்செலவுக் காசைத் தொலைக்கின்றனர் என்ற கவலை பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் எழுந்தது. அண்டை நாடான பிலிப்பீன்ஸில் 1981 நவம்பரில் அதிபர் மார்கோஸ் இத்தகைய பொறிகளைத் தடைசெய்தார். சிங்கப்பூர் அரசும் 1980களின் தொடக்க ஆண்டுகளில் காட்சி விளையாட்டு நிலையங்களின் மீது கடுமையான கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது.

அதே ஆண்டுகளில்தான் இந்நாட்டுப் பள்ளிகளில் வேறொரு படிமுறையும் புகுந்தது என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் அளித்த கல்வி அறிக்கை, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே விரைவில் ஏறச் சொல்வதால் பலர் இடையில் உதிர்கின்றனர் என்று எடுத்துக்காட்டியது. அதன்பின் தொடக்கநிலை மூன்றாம் வகுப்பின் இறுதியிலும், பிறகு உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர் தரம் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஏற்ற ஏணி என்பதே அதன் நோக்கம். ஆயினும் எட்டு, ஒன்பது வயதில் ஒருமுறை கைதவறிய பிள்ளை அதே படியில் மீண்டும் நின்று முயல வழி குறைவாகவே இருந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசாத தமிழ்க் குடும்பங்கள் அதனை நன்கு அறிந்திருந்தன. உயர்நிலையில் விரைவுநிலை, வழக்கநிலை என்னும் பிரிவுகள் 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர் முதற்கொண்டு நீக்கப்பட்டன. ஒரு பாடத்தில் பின்தங்கியவர் மற்றொன்றில் மேல்நிலையில் கற்கலாம் என்பது இப்போதைய முறை. காட்சிப்பொறியை ஐயுற்று நோக்கிய பெரியவர்கள் அதன் ஏற்றமுறையைப் பற்றிப் பேசியது அரிது. காசும் நேரமும் வீணாவதே அவர்கள் கண்ணுக்குப் பட்டது. மீண்டும் மீண்டும் தோற்று மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் பழக்கம் ஒரு சிறுவனை என்ன செய்யும் என்ற வினா எழவில்லை.

கடைகளில் குறைந்த ஆட்டம் சட்டைப்பைக்குள் புகுந்தது. 1980இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்துக்காகக் குன்பெய் யோகோய் வடிவமைத்த 'கேம் அண்ட் வாட்ச்' கையடக்கப் பொறிகளில் எளிய ஆட்டத்துக்கு ஒரு பொத்தானும் கடிய ஆட்டத்துக்கு ஒரு பொத்தானும் இருந்தன. எதை அழுத்துவது என்பது வைத்திருப்பவரின் விருப்பம். காசு போய்விட்டபடியால் தெரிவு திரும்பி வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. வீட்டுக் கணிப்பொறிகள் பரவிய காலத்தில் சிங்கப்பூரின் பங்கும் சிறிதன்று. 1981இல் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டை, உலகெங்கும் கணிப்பொறி ஆட்டங்களுக்குக் குரல் கொடுத்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய சிம் லிம் சதுக்கம் உதிரிப் பாகங்களுக்கும் ஆட்டத் தட்டுகளுக்கும் பேர்பெற்றது. சற்றுத் தள்ளிச் சுங்கை சாலைப் பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும் வரை, பயன்படுத்திய மின்பொருள்கள் தரையில் விரித்த துணியின்மேல் விலைக்குக் கிடந்தன.

இணையம் பரவியபின், வலையுலாவியிலேயே திறந்து ஆடத்தக்க சிற்றாட்டங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றுள் பெரும்பாலானவை 'ஃபிளாஷ்' என்னும் மென்பொருளால் இயங்கியவை. அலுவலகத்து உணவு இடைவேளைக்கும் பள்ளிக் கணிப்பொறிக் கூடத்துக்கும் ஏற்ற, ஐந்து நிமிட ஆட்டங்கள். காசு இல்லை, கடைக்காரர் இல்லை. ஆனால் தோற்றவர் முதற்படிக்குத் திரும்ப வேண்டும் என்ற விதி மட்டும் பெரும்பாலானவற்றில் அப்படியே இருந்தது. காரணம் மறைந்தபின்னும் சடங்கு நிற்பது மனித வாழ்வில் புதிதன்று.

அச்சடங்கை ஐயுற்றவர்களுள் ஒருவர் சீனாவிற் பிறந்து அமெரிக்காவில் பயின்ற ஜெனோவா சென். 2006இல் தம் முதுநிலைப் படிப்பின் ஆய்வுக்காக அவர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து 'ஃபுளோ' என்னும் உலாவி ஆட்டத்தை ஆக்கினார். ஆழ்நீரில் ஒரு சிற்றுயிர் நீந்துகிறது. ஒருவகை இரையைத் தின்றால் கீழ்த்தளத்துக்கு இறங்கும். வேறொன்றைத் தின்றால் மேலே வரும். எப்போது கடுமையை நாடுவது, எப்போது இளைப்பாறுவது என்பதை ஆடுபவரே முடிவு செய்கிறார். அடிபட்டவர் இறப்பதில்லை, ஒரு தளம் மேலே அனுப்பப்படுகிறார். கழங்காடும் சிறுமியரிடம் கேட்டிருந்தால் இதில் என்ன புதுமை என்றிருப்பார்கள். எனினும், பொறியின் உலகில் அது புதுமைதான்.

அதே 2006இல் சிங்கப்பூரின் ஊடக வளர்ச்சி ஆணையமும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து 'கேம்பிட்' என்னும் விளையாட்டு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கின. சிங்கப்பூர் மாணவர்கள் கோடைக்காலத்தில் அங்கே சென்று, சிறு குழுக்களாகப் பிரிந்து, சில வாரங்களில் ஓர் ஆட்டத்தை உருவாக்க வேண்டும் என்பது முறை. அவற்றுட் பல உலாவியில் ஆடும் சிற்றாட்டங்களாக அமைந்தன. 2010இல் வெளிவந்த 'இலூட்' மனச்சோர்வு நோயை உணர்த்துவதற்காக ஆக்கப்பட்டது. மேலே தாவி ஏறுவதற்கு உதவும் ஆற்றல் சில வேளை கிடைக்கும், சில வேளை கிடைக்காது. அடிக்கடி கீழே இழுக்கப்படும் நிலை. கடுமை ஏற்றத்தையே ஒரு நோயின் மொழியாக்கிக் காட்டிய முயற்சி அது. இக்கூட்டு ஆய்வுக்கூடம் 2012 வரை நடைபெற்றது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியபோது அவ்வகை ஆட்டங்கள் பெருந்தொகையாக உலாவிகளில் இயங்காமற் போயின. ஏட்டுச்சுவடிகளைச் செல்லரித்த கதையை அறிந்தவர்களுக்கு இவ்விழப்பின் தன்மை புரியும். செல்லரிக்க நூறாண்டு ஆயிற்று. இதற்கு ஓர் இரவு போதுமானதாயிற்று.

ஏற்றமே இல்லாத ஓர் ஆட்டமும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும். வியட்நாமின் ஹனோய் நகரைச் சேர்ந்த டோங் நுயென் 2013 மே மாதத்தில் வெளியிட்ட 'ஃபிளாப்பி பேர்ட்' என்னும் கைப்பேசி ஆட்டத்தில் முதற்குழாயும் நூறாவது குழாயும் ஒரே அளவு இடைவெளி உடையவை. தொடக்கம் எளிதன்று, முடிவு அதைவிடக் கடிதுமன்று. பலர் இரண்டு புள்ளிகூடப் பெறாமல் விழுந்தனர். அதனாலேயே மீண்டும் மீண்டும் ஆடினர். 2014 தொடக்கத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த அவ்வாட்டத்தை அவர் பிப்ரவரியில் தாமாகவே விற்பனையிலிருந்து நீக்கிக்கொண்டார். மக்கள் அதற்கு அடிமையாவதைக் கண்டே அவ்வாறு செய்ததாக அவர் கூறினார். தம் கைப்பொருளைத் தாமே அடைத்துவைத்த கடைக்காரர் இத்துறையில் அரியர்.

அதே 2014இல் கூகுளின் குரோம் உலாவியில், இணைய இணைப்பு அறுந்தால் தோன்றும் பக்கத்தில், ஒரு டைனோசர் வந்து நின்றது. இடைவெளி விசையைத் தட்டினால் ஓடத் தொடங்கும். கள்ளிச்செடிகளைத் தாண்ட வேண்டும். மாதந்தோறும் 27 கோடி முறை அது ஆடப்படுவதாக 2018இல் அந்நிறுவனம் தெரிவித்தது. அதன் நிரல் எவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டுள்ளமையால், ஏற்றத்தின் கணக்கை எண்களாகவே காணலாம். தொடக்க விரைவு 6. ஒவ்வொரு திரைக்காட்சிக்கும் 0.001 வீதம் அது கூடும். 8.5ஐ எட்டியபின், அதாவது முக்கால் நிமிடத்துக்குச் சற்று முன்னதாகவே, பறக்கும் பல்லிகள் வரத் தொடங்கும். மேல்வரம்பு 13. வினாடிக்கு 60 காட்சி எனக் கொண்டால் 6இலிருந்து 13ஐ அடைய 7,000 காட்சிகள், ஏறத்தாழ இரண்டு நிமிடம். அதற்கு மேல் விரைவு கூடுவதில்லை. முடிவில்லாமல் கடுமையாகிக்கொண்டே போவதாக ஆடுவோர் எண்ணும் இவ்வாட்டம், இரண்டே நிமிடத்தில் தன் ஏணியின் உச்சியைத் தொட்டுவிடுகிறது. அதன்பின் ஆடுபவர் வீழ்வது பெரும்பாலும் தம் களைப்பினால்.

வீழ்ந்தால் மீண்டும் 6. இடையில் எங்கும் நின்று தொடரும் படி இல்லை. பெற்ற உயர்ந்த புள்ளி மட்டும் திரையின் வலது மூலையில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் நிரல் வெளிப்படையாக இருப்பதனால், அந்த 6ஐ அழித்து 9 என்றோ 4 என்றோ எழுதுவது சிறிது நிரல் கற்ற மாணவருக்குச் சில வினாடி வேலை. விழுந்த விரைவிலிருந்தே அடுத்த ஓட்டம் தொடங்குமாறு மாற்றுவதற்கு ஓரிரு வரிகள் கூடுதலாகத் தேவைப்படும். உலாவிக்குள்ளேயே திறக்கும் நிரலாளர் பலகத்தில் அவ்வாறு எண்களை மாற்றி ஆடிப் பார்ப்போர் பலர் உளர்.